மன்னித்தது போல

ஒருத்தியைத் திட்ட வேண்டுமென்றால் உலகத்தில் இடத்துக்கா பஞ்சம்? மாடிப்படி இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது, வேலைசெய்யும் இடத்தில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. காலர் அக்கா இதையெல்லாம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு நாளில் ஆறிப்போயிருக்கும். அவள் மன்னித்துத் தொலைத்தாள்.

காலர் அக்கா என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஹோட்டல்களிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வந்து இறங்கும் பெரிய சலவைக்கூடம் அது. அங்கே நீராவிப் பிரஸ்ஸில் காலர் தேய்ப்பது அவள் வேலை. ஈரக் காலரை மெத்தைமேல் விரித்து, சுருக்கத்தை விரலால் நீவி, கையை எடுத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கும் இரும்புத் தட்டு புஸ்ஸென்று இறங்கும். அவள் தேய்த்த காலர் தனியாகத் தெரியும். சட்டைக்காரன் சோர்ந்து விழுந்தாலும் காலர் விழாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசில்லை.

பக்கத்துப் பிரஸ்ஸில் சட்டைக்கை தேய்த்தவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் ஒலிபரப்புதான். வேலைக்குச் சேர்த்துவிட்டது காலர் அக்கா. இருவரும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். தம்பி குடும்பம் மேல்வீட்டில், அக்கா குடும்பம் கீழ்வீட்டில். மேலே நாற்காலியை நகர்த்தினால் கீழே எந்த நாற்காலி என்பதுவரை தெரியும். தம்பி என்று பேருக்குத்தான் சொல்வது. அம்மா போனபிறகு அவனுக்குத் தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாமே இவள்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் இருக்கும்போது எதற்கு என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

காலர் அக்காவின் கை வெந்த கதையை நடந்தது நடந்தபடி சொல்லிவிடுவதுதான் நியாயம், ஏனென்றால் பிற்பாடு வெகுநாள் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை. ரேடியோவுக்குச் சூப்பர்வைசரைப் போல நடந்துகாட்டத் தெரியும். வயிற்றை முன்னால் தள்ளி, இல்லாத சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் யாராவது தூங்குகிறார்களா என்று வெடுக்கென்று திரும்புவாள். அன்றைக்கும் நடந்தாள், கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை நடந்து காட்டுடி!" என்று கத்தியது வேறு யாருமல்ல, காலர் அக்காதான். கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டே காலரை நீவிக்கொண்டிருந்தாள். ரேடியோ இன்னொரு தடவை நடந்தாள். வெடுக்கென்று திரும்பினாள். திரும்பிய கால் காலர் அக்காவின் பெடலில் போய் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ அழுத அழுகைக்கு அளவில்லை.

"என் கால்தான் அக்கா. நான்தான் மிதிச்சேன். உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். வேணும்னா செஞ்சே? நானும்தானே ஆடச் சொல்லிட்டுச் சிரிச்சேன். விடு, மன்னிச்சாச்சு." காலர் அக்கா நல்ல கையால் அவள் தலையைத் தொட்டாள். "தம்பிகிட்ட பெடல் தானா இறங்கிடுச்சுன்னு சொல்லு. அவன் கோவக்காரன், உன்னைப் போட்டு வதைப்பான். சூப்பர்வைசர் கேட்டாலும் இதையே சொல்லு. சிரிச்ச சிரிப்புல வேற யாரும் உன் காலைப் பாக்கல. நமக்குள்ள இருக்கட்டும்."

அந்த நேரத்து மன்னிப்பில் துளி கலப்படம் கிடையாது. வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்ன சொல் அது. அங்கேயே அது நின்றிருக்கலாம்.

கை ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது. இரண்டு விரல் மடங்கவில்லை. ஈரத்துணியின் சுருக்கம் விரலுக்குத் தெரியாமல் போயிற்று. சூப்பர்வைசர் அவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார், காலர் பிரஸ்ஸை ரேடியோவுக்குக் கொடுத்தார். கொஞ்ச நாள் ரேடியோ வாயைத் திறக்காமல் வேலைபார்த்தாள். அப்புறம் மெதுவாக ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு. பிறகு பழைய ஒலிபரப்பு முழுதாகத் திரும்பிவிட்டது.

காலர் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. சிரிக்கட்டும், சின்னப் பெண்தானே என்று முதலில் மனசைத் தேற்றிக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. மன்னித்தவள் கண்ணெதிரே இருக்கும்போது மன்னிக்கப்பட்டவள் கொஞ்சம் குனிந்து நடக்க வேண்டாமா? சாப்பாட்டு நேரத்தில் ஒருதரம் இந்தக் கையைப் பார்த்து முகம் சுண்ட வேண்டாமா? மன்னிப்பு என்பது ஒருதரம் கொடுத்தால் தீர்ந்துபோகும் பொருள் இல்லை போலும். கொடுத்தவளுக்கு அதைத் தினமும் நினைவுபடுத்த யாராவது வேண்டியிருக்கிறது. ஒருநாள் மூட்டை தூக்குபவர் ஒருவர் ரேடியோவைப் பார்த்து, "என்ன புதுக் காலர், வேலை பறக்குதே!" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மடிப்பு மேசையில் நின்றிருந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த ஞாயிறு. பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்கும் முன்னால் சபையில் சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வழக்கமாக, காய்ச்சல் தீர்ந்தது, தொலைந்த சாவி கிடைத்தது என்று வரும். காலர் அக்கா அதுவரை சாட்சி சொன்னதில்லை. அன்றைக்குக் கோணல் கையால் மைக்கை வாங்கினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் கை இப்படி ஆனது மெஷினால இல்ல. கூட வேலை செஞ்ச ஒருத்தி விளையாட்டுத்தனமா பெடலை மிதிச்சதால. வேற யாரோ இல்ல, என் சொந்தக் குடும்பத்துப் பொண்ணு. வெளியே தெரியாம மறைச்சாச்சு. எனக்கு ஆத்திரம் இருந்திருக்கணும். ஆனா கர்த்தர் என் இருதயத்தைத் தொட்டார். நான் அவளை முழு மனசோட மன்னிச்சுட்டேன். இன்னைக்கு அவமேல எனக்கு ஒரு கசப்பும் இல்ல."

மடங்காத இரண்டு விரலோடு கையை உயர்த்தினாள். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் இறங்கி வந்து அவள் தலையில் கைவைத்தார். அன்றைக்கு அவள் போட்டிருந்த உடுப்பில் காலர் இல்லை, இருந்திருந்தால் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பாள்.

நடந்ததைச் சொன்னதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் 'மறைச்சாச்சு' என்றாளே, யார் சொல்லி மறைத்தது என்று சொன்னாளா? விளையாட்டுத்தனம் என்றாளே, இன்னொரு தடவை நடந்து காட்டு என்று கத்தியது யார் என்று சொன்னாளா? அந்த இரண்டையும் அழகாக மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மடிப்பு மேசையில் இருந்ததில் கற்றுக்கொண்டது அதுதான்.

பின்வரிசையில் தம்பி குழந்தையை மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் ரேடியோ. முன்னால் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தது சூப்பர்வைசரின் மனைவி.

அன்று சாயங்காலம் மேல்வீட்டில் தம்பியின் குரல் மட்டும் கேட்டது. "கை வெந்தவளுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட மெஷின் கதை சொல்லியிருக்கே! அவ என் அம்மாடி! என் முகத்தைப் பாத்து எப்படிப் பொய் சொல்ல வந்துச்சு உனக்கு?" காலர் அக்கா கீழே அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'உங்க அக்காதான் சொல்லச் சொன்னாங்க' என்று இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வராததில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்துப் பிற்பாடு அவளே கூசிப்போனாள்.

மறுநாள் சூப்பர்வைசர் ரேடியோவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள் ரேடியோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையோடு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாடிப்படியில் இறங்கும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி வீடு இப்படிச் சிதறும் என்று காலர் அக்கா நினைக்கவேயில்லை. கொஞ்சம் குனிந்து நடந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"சார், நான்தான் மன்னிச்சுட்டேனே. நீங்க எதுக்கு வேலையை விட்டு நிறுத்தணும்?"

"நீங்க மன்னிச்சது உங்க பெரிய மனசும்மா. மெஷினுக்கு அந்த மாதிரி பெரிய மனசு கிடையாது. நாளைக்கு இன்னொருத்தி கை உள்ளே போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"அன்னைக்கு எல்லாருமே சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம் சார்..."

"யார் யாரு?" என்று அவர் நிமிர்ந்தார். "சொல்லுங்க, யார் ஆடச் சொன்னது? அவங்களையும் சேத்து அனுப்பிடறேன்."

வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். மடிப்பு மேசைக்குத் திரும்பிப்போய் நின்றாள்.

பாஸ்டரிடம் போனாள். அவர் நல்ல மனிதர், ஆனால் இவள் சொல்ல வந்ததை எங்கே சொல்லவிட்டார்? "உங்க சாட்சியைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. பக்கத்துச் சபையிலயும் வந்து சொல்லணும்னு கேட்டிருக்காங்க. எத்தனை வீட்டுல சண்டை இருக்கு! உங்களைப் பாத்துக் கத்துக்கட்டும்" என்றார். அவள் முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றாள். வெளியே வந்ததும் தன்னைத் தானே நாலு அறை அறையலாம்போல் இருந்தது.

அவள் வீட்டுக்காரர் சலூன்காரர். சபைப் பக்கம் எப்போதாவதுதான் வருவார், பேசுவது அதைவிட அபூர்வம். கத்திரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீ மன்னிச்சே மன்னிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அந்தப் பொண்ணு உங்கிட்ட எப்ப மன்னிப்புக் கேட்டுச்சு?"

"ஆஸ்பத்திரியில."

"அப்பவே குடுத்துட்டியே. குடுத்ததைத் திரும்ப வாங்கி, மறுபடி எதுக்குக் குடுத்தே?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்களுக்கென்ன தெரியும், முடிவெட்டுகிற வேலையைப் பாருங்கள் என்று கத்தினாள். அவர் பாட்டுக்கு அதைத்தான் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு தம்பி தனியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். சவரம் செய்திருக்கவில்லை. ஆராதனையின் கடைசியில் எல்லோரும் எழுந்து பரமண்டல ஜெபத்தைச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து சொல்லும் ஜெபம், நாக்கு தானாக ஓடும். நாங்கள் மற்றவர்களை மன்னிக்கிறது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் இடம் வந்தபோது, 'போல' என்ற சொல்லில் அவள் நாக்கு நின்றுவிட்டது. மற்றவர்கள் எல்லாம் ஆமென் வரை போய்விட்டார்கள். அவள் அங்கேயே நின்றாள்.

போல. எதைப் போல? அவள் ரேடியோவை மன்னித்தாளே, அதைப் போலவா? அப்படியென்றால் ஒருநாள் கர்த்தர் அவளையும் கூப்பிட்டு, வானத்துச் சேனையெல்லாம் கூடியிருக்கும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு, இவள் இன்னின்னது செய்தாள், ஆனாலும் என் பெரிய மனசால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுவாரா? எல்லோரும் கைதட்டுவார்களா? அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அவளுக்கு உடம்பு நடுங்கிவிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மாடிப்படி ஏறினாள். தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுபவன். தரையில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த மரியாதை இன்றோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் அவள் சேர்த்து வைத்ததே அதுதான். அவன் கண்ணில் அவள் நல்லவள். உலகத்தில் வேறு எங்கேயும் அவள் பெரிய ஆள் இல்லை.

உட்காராமல் நின்றபடி சொன்னாள். ஆடச் சொன்னதைச் சொன்னாள். பெடல் கதையைக் கட்டிக்கொடுத்ததைச் சொன்னாள். ரேடியோ சிரித்தது பிடிக்காமல்தான் மைக்கைப் பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

"நீ சொல்லித்தான் அவ மறைச்சாளா?"

"ஆமா."

"அன்னைக்கு நான் அவளை அந்தப் பேச்சுப் பேசினேன். உனக்குக் கீழே கேட்டுச்சா?"

அவளுக்குப் பொய் சொல்ல ஒரு விநாடி ஆசை வந்தது. "கேட்டுச்சு" என்றாள்.

அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா போனப்புறம் எது சரி, எது தப்புன்னு உன் முகத்தைப் பாத்துத்தான் அக்கா நான் தெரிஞ்சுக்குவேன். இனிமே நான் எங்க போய்ப் பாக்கறது?"

"என்னை மன்னிச்சிருடா..."

"அந்த வார்த்தை மட்டும் வேணாம் அக்கா" என்றான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.

அன்றே போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். உடனே வந்துவிடவில்லை அவள். அவன் பலதடவை போய்வர வேண்டியிருந்தது. காலர் அக்கா சூப்பர்வைசரிடமும் போய், ஆடச் சொன்னது நான்தான், அனுப்புவதென்றால் என்னையும் அனுப்புங்கள் என்றாள். அவர், இந்த விவகாரமே எனக்குத் தலைவலி, ஆளை விடுங்கள் என்று போய்விட்டார். ரேடியோவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பக்கத்துச் சபைக்கு வரமுடியாது என்று காலர் அக்கா பாஸ்டரிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் முகம் வாடியது. இதையும் ஒரு சாட்சியாகச் சொல்லலாமே என்று மெல்ல இழுத்தார். அவள் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

ஒருவழியாக மேலே நாற்காலி நகரும் சத்தம் திரும்பியது. குழந்தை ஓடியது. தம்பி அவளைப் பார்த்தால் தலையசைப்பான், நிற்க மாட்டான். ரேடியோ கண்ணில் படவேயில்லை. காலர் அக்கா படியேறிப் போகலாமா என்று தினமும் நினைப்பாள், முதல் படியில் கால் வைப்பாள், இறங்கிவிடுவாள். எந்த முகத்தோடு போவது?

பிறகு ஒரு ஞாயிறு தம்பி, ரேடியோ, குழந்தை மூவரும் ஆராதனைக்கு வந்தார்கள். சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர், "யாராவது?" என்று கேட்டு முடிக்கவில்லை, ரேடியோ எழுந்தாள்.

சபை கப்சிப்பென்று ஆனது. எல்லோருக்கும் கதையில் பாதி தெரியும், மீதிப் பாதிக்கு நாக்கு ஊறிக்கொண்டிருந்தது. சொல்லட்டும், சொல்வதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது, எல்லாவற்றையும் போட்டு உடைக்கட்டும் என்று காலர் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன்னை மன்னித்துவிட்டேன் என்று அவள் அந்த மைக்கில் சொல்லிவிட்டால்?

"பிள்ளைக்குக் காய்ச்சலா இருந்துச்சு" என்றாள் ரேடியோ. "இப்ப சரியாயிடுச்சு. ஸ்தோத்திரம்." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். யாரோ ஒருவர் ஏமாற்றத்தோடு ஆமென் சொன்னார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தம்பி வேனை எடுத்துவரப் போயிருந்தான். ரேடியோ குழந்தையோடு வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். காலர் அக்கா மெல்லப் பக்கத்தில் போய் நின்றாள். பேசாமலிருக்கும் ரேடியோவுக்குப் பக்கத்தில் அவள் அதற்குமுன் நின்றதே இல்லை.

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றாள் கடைசியில்.

ரேடியோ மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னும் ஆகல அக்கா" என்றாள். "முயற்சி பண்றேன், ஜெபம்கூடப் பண்றேன். சில நாள் ஆயிட்டமாதிரி இருக்கு, மறுநாள் காலையில பாத்தா இல்ல. ஆனப்புறம் சொல்றேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

வேன் வந்து நின்றது. அவள் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். காலர் அக்கா சரி என்று தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரிந்திருக்காது.